சூப்பர்நோவாவும் சூழ்பொருளும்: சொல் விளக்கம்

விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறுவதைக் குறிக்கும் 'சூப்பர்நோவா' என்னும் சொல்லின் இரு பகுதிகளும் இலத்தீனிலிருந்து வந்தவை. 'நோவா' என்றால் 'புதியது'. 1572 நவம்பரில் காசியோபியா விண்மீன் தொகுதியில், அதுவரை எவரும் கண்டிராத ஒளியொன்று வெள்ளிக் கோளுக்கு நிகரான பொலிவுடன் தோன்றியபோது, டென்மார்க்கைச் சேர்ந்த வானியலாளர் டைக்கோ பிராகி அதை ஆராய்ந்து 1573இல் வெளியிட்ட நூலில் 'ஸ்டெல்லா நோவா', அதாவது 'புதிய விண்மீன்' என்று குறித்தார். நாளடைவில் 'ஸ்டெல்லா' உதிர்ந்து 'நோவா' மட்டும் நின்றது. சாதாரண நோவாக்களைவிடப் பல்லாயிரம் மடங்கு ஒளிரும் தனி வகை ஒன்று உண்டு என்று 1930களில் உணர்ந்த வால்டர் பாடே, ஃபிரிட்ஸ் ஸ்விக்கி ஆகிய வானியலாளர் இருவரும், 'மேலான' என்று பொருள்படும் 'சூப்பர்' என்பதை முன்னொட்டாக்கி, 1934இல் எழுதிய கட்டுரைகளில் அச்சொல்லை நிலைநிறுத்தினர்.

தமிழில் 'மீயொளிர் விண்மீன் வெடிப்பு' என்ற ஆக்கம் இன்று பரவலாக வழங்குகிறது. இது நல்ல ஆக்கம் என்பது என் துணிபு. 'மீ' என்பது 'மேல்' என்னும் பொருளில் குறளின் 'மீக்கூறும்' என்பதிலேயே இருக்கிறது. அறிவியல் தமிழில் மீயொலி, மீக்கடத்தி என வேரூன்றியும்விட்டது. சங்க இலக்கியம் விண்மீனை நாள்மீன் என்றும் கோளைக் கோள்மீன் என்றும் பிரித்துப் பேசியது. அந்த 'மீன்' இந்தப் புதுச்சொல்லிலும் தொடர்வது நிறைவளிக்கிறது. மூலச்சொல்லில் இருக்கும் 'புதியது' என்ற பொருள் தமிழாக்கத்தில் விடுபட்டது இழப்பில்லை. வெடிப்பது பிறக்கின்ற விண்மீன் அல்லவே.

ஆனால் இந்தப் பெயர் வெடிப்பின் ஒளியை மட்டுமே சொல்கிறது. வெடித்துச் சிதறியது எதன்மீது மோதுகிறது என்பதற்கு இன்னொரு சொல் வேண்டும். ஆங்கிலத்தில் 'சர்க்கம்ஸ்டெல்லார் மீடியம்' என்பர். 'சர்க்கம்' என்பது இலத்தீனில் 'சுற்றிலும்'. இதை 'சுற்றுவிண்மீன் ஊடகம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், விண்மீன்தான் எதையோ சுற்றுகிறது என்று மாணவர் பொருள் கொள்வர்; 'ஊடகம்' என்றதும் தொலைக்காட்சியும் நாளிதழும் நினைவுக்கு வருகின்றன. எனவே 'விண்மீன் சூழ்பொருள்' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்; தொடர்ந்து எழுதும்போது 'சூழ்பொருள்' என்று சுருக்கினாலும் பொருள் கெடாது. விண்மீன்களுக்கு இடையே பொதுவாகப் பரவிக் கிடக்கும் வளிமமும் தூசும் வேறு. அதற்கு 'விண்மீனிடைப் பொருள்' பொருந்தும். இந்த வேறுபாட்டைக் காப்பது முக்கியம், ஏனெனில் சூழ்பொருள் என்பது அந்த விண்மீனே தன் வாழ்நாளில் தன் மேனியிலிருந்து உதிர்த்தது.

எப்படி உதிர்க்கிறது என்பதற்கு நாம் அறிந்த விண்மீனே சான்று. மார்கழி இரவில் உதகையிலோ கொடைக்கானலிலோ மூடுபனி விலகிய வேளையில் கிழக்கே செந்நிறமாகத் தெரியும் திருவாதிரை ஒரு செம்மீப்பெரு விண்மீன், அதாவது முதுமையில் மிகப் பெரிதாக உப்பிச் சிவந்த விண்மீன். அது ஆண்டுக்குச் சூரியனின் நிறையில் ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒரு பங்கை, நொடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில், விண்மீன் காற்றாக வெளியேற்றி வருகிறது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் அதன் ஒளி வெறுங்கண்ணுக்கே புலப்படும்படி மங்கியதற்கு, அது வீசியெறிந்த வளிமம் குளிர்ந்து தூசாகி நமக்கு நேராக மறைத்ததே முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். சூழ்பொருள் உருவாவதை மனிதர் கண்ணால் கண்ட நிகழ்வு என்றே இதைக் கொள்ளலாம்.

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறையுடைய விண்மீனின் உள்ளகம் இரும்பாகி, எரிபொருள் தீர்ந்து, அத்தகைய உள்ளகம் தாங்கக்கூடிய உச்ச நிறையான சந்திரசேகர் வரம்பையொட்டிய நிறையை எட்டியதும் தன் எடையாலேயே நொறுங்குகிறது. வெளிப்படும் ஆற்றலில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கை எதையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் கொண்டுசெல்ல, எஞ்சிய சிறு பங்கு மேலடுக்குகளை நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் தூக்கியெறிகிறது. இந்தச் சிதறல் சூழ்பொருளில் மோதும்போது இரண்டு அதிர்ச்சி அலைகள் தோன்றுகின்றன. ஒன்று முன்னே சென்று சூழ்பொருளை வாரியெடுத்துச் சூடாக்கும். இதை 'முன் அதிர்ச்சி அலை' எனலாம். மற்றது சிதறலுக்குள்ளேயே ஊடுருவும். இதற்கு 'எதிர் அதிர்ச்சி அலை' என்பது பெயராயினும், அது தொடக்கத்தில் விண்மீனின் நடுவை நோக்கித் திரும்பி ஓடுவதில்லை, சிதறலைவிட மெதுவாக வெளிநோக்கியே செல்கிறது. இரண்டுக்கும் இடையில் சூடேறிய பொருளிலிருந்து எக்ஸ் கதிர்களும், காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களிடமிருந்து ரேடியோ அலைகளும் பிறக்கின்றன.

இந்த மோதலில் என்னை மிகவும் ஈர்ப்பது ஓர் எளிய வகுத்தல் கணக்கு. சிதறலின் வேகம் நொடிக்கு 10,000 கிலோமீட்டர், செம்மீப்பெரு விண்மீனின் காற்றின் வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர் என்று கொண்டால், காற்று ஆயிரம் நாளில் கடந்த தொலைவைச் சிதறல் ஒரே நாளில் கடந்துவிடும். வெடித்த பின் ஒரு நாள் கழித்து நாம் காண்பது, விண்மீன் தன் இறுதி மூன்று ஆண்டுகளில் உதிர்த்ததை; பத்தாண்டு கழித்துக் காண்பது, பத்தாயிரம் ஆண்டுக்கு முன் உதிர்த்ததை. சூழ்பொருள் அவ்விண்மீனின் முதுமைக் கால வரலாறு. சிதறல் அதைக் கடைசி ஏட்டிலிருந்து முதல் ஏட்டை நோக்கிப் படித்துக்கொண்டே போகிறது.

2023 மே 19 அன்று ஜப்பானின் கோய்ச்சி இடகாக்கி கண்டறிந்த எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் ('எஸ்என்' என்பது சூப்பர்நோவாவின் சுருக்கம்) அந்தக் கடைசி ஏட்டைத் திறந்து காட்டியது. ஏறத்தாழ 2.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 101 விண்மீன் மண்டலத்தில் நிகழ்ந்த இவ்வெடிப்பின் நிறமாலையில், முதல் நாட்களில் குறுகிய, கூர்மையான வரிகள் தெரிந்து, ஒரு வார அளவில் மறைந்துவிட்டன. குன்னூர் மலைப்பாதையில் மூடுபனிக்குள் செல்லும் வண்டியின் முகப்பு விளக்கு பனியையே ஒளிரச் செய்வதுபோல, வெடிப்பின் முதல் ஒளி அருகிலிருந்த அடர்ந்த சூழ்பொருளை அயனியாக்கி ஒளிரச் செய்தது. சிதறல் அதை விழுங்கியதும் வரிகளும் போயின. இறுதிச் சில ஆண்டுகளில் அந்த விண்மீன் வழக்கத்தைவிட மிகுதியாகப் பொருளை உதிர்த்தது என்பது இதனால் தெரியவந்தது. இவ்வெடிப்பை லடாக்கின் ஹான்லேயிலுள்ள இமாலயச் சந்திரா தொலைநோக்கி வழியாகவும் ஆராய்ந்தனர். அதை நடத்துவது, 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்திவரும் இந்திய வானியற்பியல் நிறுவனமே. இத்தகைய குறுகிய வரிகள் நெடுநாள் நீடிக்கும் வெடிப்புகளை 'ஐஐஎன்' வகை என்பர். அதிலுள்ள 'என்' என்னும் எழுத்து 'குறுகிய' என்பதைச் சுட்டுவது.

பழைய ஏடுகளுக்கு எஸ்என் 1987ஏ சிறந்த எடுத்துக்காட்டு. 1987 பிப்ரவரியில் நம் பால்வழிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் முகிலில், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில், அது வெடித்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அவ்விண்மீன் வெளியேற்றிய பொருள் ஒரு வளையமாக அதைச் சூழ்ந்திருந்தது. பத்தாண்டு அளவில் அதிர்ச்சி அலை வளையத்தை எட்ட, முதலில் ஒரு புள்ளி ஒளிர்ந்து, பின் ஒவ்வொன்றாகப் பல புள்ளிகள் தோன்றி, முழு வளையமும் முத்துமாலைபோல் சுடர்ந்தது. கொடைக்கானலிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெற்குத் தொடுவானுக்கு மேல் 10 பாகை அளவே உயரும். அதைக் காணவும் தெற்கே மலை மறைக்காத இடம் வேண்டும்.

பாடேயும் ஸ்விக்கியும் 1934இலேயே மற்றொரு கருத்தையும் முன்வைத்தனர்: விண்வெளியிலிருந்து பூமியில் பொழியும் பேராற்றல் துகள்களான காஸ்மிக் கதிர்கள் இந்த வெடிப்புகளில் பிறக்கின்றன என்பது. அதிர்ச்சி அலையின் இருபுறமும் மாறி மாறிக் கடக்கும் புரோட்டான் ஒவ்வொரு முறையும் சிறிது ஆற்றல் பெற்று, இறுதியில் பேராற்றலுடன் தப்பிச் செல்கிறது என்பதே இன்றைய விளக்கம். மின்னேற்றமுடைய துகள்களைக் காந்தப்புலங்கள் வளைத்துவிடுவதால் அவை வந்த திசையைக் கொண்டு பிறப்பிடத்தைக் கண்டறிய முடிவதில்லை. ஆனால் ஐசி 443, டபிள்யூ44 ஆகிய வெடிப்பு எச்சங்கள் அருகிலுள்ள மூலக்கூற்று முகில்களில் மோதும் இடத்தில், புரோட்டான்கள் விட்டுச்சென்ற காமாக் கதிர்த் தடயத்தை ஃபெர்மி செயற்கைக்கோள் கண்டது. அம்முடிவு 2013இல் வெளியானது. மோதப்படும் பொருள் இருந்ததனால்தான் அத்தடயமே கிடைத்தது.

நீலகிரியில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. உதகையில் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடத்தில், சுமார் 400 ஒளிர்வு உணரிகள் 8 மீட்டர் இடைவெளியில் அறுகோண ஒழுங்கில் நிற்கின்றன. அருகே கான்கிரீட் கூரைக்குக் கீழே 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி, காஸ்மிக் கதிர் ஒன்று வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள் பொழிவிலுள்ள மியூவான்களை, அதாவது எலக்ட்ரானைப் போன்ற ஆனால் அதைவிடக் கனமான துகள்களை, எண்ணுகிறது. புரோட்டான்களின் எண்ணிக்கை ஆற்றல் கூடக் கூட ஒரே சீராகக் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, ஏறத்தாழ 166 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் அக்குறைவு தணிகிறது என்று இந்த ஆய்வுக்கூடம் 2024இல் அறிவித்தது. வெடிப்பு எச்சங்களில் துகள்கள் எவ்வாறு முடுக்கம் பெறுகின்றன என்ற விளக்கத்தை மீண்டும் ஆராய வேண்டிய தேவையை இம்முடிவு உண்டாக்கியிருக்கிறது.