ரத்தத்தில் கிடைக்காத விடை

சில குழந்தைகளுக்கு மூளையின் ஒரு பாதி மட்டும் அளவுக்கு மீறி வளர்ந்துவிடுகிறது. ஸ்கேன் படத்தில் பார்த்தால், இரண்டு வேறு மூளைகளிலிருந்து ஆளுக்குப் பாதி எடுத்து ஒட்டவைத்தது போல இருக்கும். ஹெமிமெகலென்செஃபலி என்று இதற்குப் பெயர். பிறந்த சில நாட்களிலோ மாதங்களிலோ வலிப்பு தொடங்கிவிடும். பெரும்பாலும் மருந்துக்கு அடங்காது. அந்தப் பாதியை அகற்றும் அல்லது அதன் இணைப்புகளையே துண்டித்துவிடும் அறுவை சிகிச்சைவரை போகவேண்டி வரும். இத்தனைக்கும், குழந்தையின் ரத்தத்தை எடுத்து மரபணுக்களைப் பரிசோதித்தால் பெரும்பாலும் ஒரு குறையும் தெரியாது. பெற்றோரிடமும் தெரியாது.

2012-இல் ஆராய்ச்சியாளர்கள் ரத்தத்தை விட்டுவிட்டு, அறுவை சிகிச்சையில் அகற்றிய மூளைத் திசுவிலேயே டி.என்.ஏ.வைப் படித்தார்கள். செல் எவ்வளவு வளரவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று கட்டுப்படுத்தும் மரபணுக்களில் பிழை இருந்தது. எம்டார், ஏ.கே.டி.3, பி.ஐ.கே.3சி.ஏ. மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்தத் திசுவிலும் எல்லாச் செல்லிலும் பிழை இல்லை. ஒரு பங்கு செல்களில் மட்டும் இருந்தது. பக்கத்திலேயே பிழையில்லாத செல்கள்.

உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் என்று பள்ளியில் படித்திருப்போம். பெருமளவு சரி, முழுக்கச் சரி இல்லை. ஒரு செல் இரண்டாகும்போது சுமார் 600 கோடி எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றும் தவறும். இப்படிப் பெற்றோரிடமிருந்து வராமல், நம் உடம்பிலேயே பிறந்த பிழைக்கு உடற்செல் பிறழ்வு என்று பெயர். கரு நான்கைந்து மாதம் இருக்கும்போதே, மூளையை உருவாக்கும் முன்னோடிச் செல் ஒவ்வொன்றிலும் 200 முதல் 400 பிறழ்வுகள் சேர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலானவை எதையும் செய்வதில்லை.

செய்பவை விஷயத்தில், பிழை எந்த மரபணுவில் விழுந்தது என்பதோடு, எப்போது விழுந்தது என்பதும் முக்கியம். கரு சில செல்களாக இருக்கும்போதே விழுந்தால் ரத்தம், தோல், மூளை எல்லாவற்றிலும் பரவும். மூளை உருவாகத் தொடங்கிய பின் ஒரு முன்னோடிச் செல்லில் விழுந்தால், அதன் வாரிசுகளில் மட்டும் இருக்கும்: ஒரு பாதி மூளையாகவோ, விரல்நுனி அளவு திட்டாகவோ. அதனால்தான் ரத்தப் பரிசோதனை ஏமாற்றுகிறது. ரத்தம் வேறு கிளை, மூளை வேறு கிளை. ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளேசியா என்னும் குறைபாட்டில் இது இன்னும் துலக்கம். மூளைப் புறணியில் ஒரு சிறு இடம் மட்டும் தாறுமாறாக அடுக்கப்பட்டு, அங்கிருந்து வலிப்பு கிளம்பும். அதற்கும் எம்டார் பிழை ஒரு காரணம் என்று 2015-இல் தெரிந்தது. சில நோயாளிகளின் திசுவில் நூறு செல்லுக்கு இரண்டு மூன்றில்தான் அந்தப் பிழை இருந்தது. அத்தனை கொஞ்சம் செல்கள் ஒரு முழு மனிதரைத் தரையில் தள்ளிவிடுகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

சரி, ஒரே ஒரு நியூரானின், அதாவது நரம்பு செல்லின், டி.என்.ஏ.வை எப்படிப் படிக்கிறார்கள்? இறந்தபின் தானமாகக் கிடைத்த, உறைநிலையில் வைத்த மூளையிலிருந்து சிறு துண்டை எடுத்து மெதுவாக நசுக்குகிறார்கள். செல்லின் மேலுறை கிழிந்துபோகும், உட்கரு மட்டும் முழுசாக நிற்கும். நியூரானின் உட்கருவில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, மின்னுவதை மட்டும் தனித்தனிக் குழிகளில் விழவைக்கிறார்கள். ஒரு உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. சுமார் 6 பிகோகிராம். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அப்படியே படிக்க முடியாது, பல மடங்கு பெருக்கவேண்டும். பெருக்கும்போதும் பிழை வரும் என்பதுதான் தலைவலி. அதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். டி.என்.ஏ. இரட்டை இழை அல்லவா? செல்லிலேயே நிலைத்துவிட்ட பிறழ்வு இரண்டு இழையிலும் இருக்கும். சோதனைக்கூடத்தில் நேர்ந்த தவறு ஒரு இழையில் மட்டும் தெரியும். இரண்டையும் தனித்தனியே படித்து ஒப்பிட்டால் நிஜம் எது, பொய் எது என்று பிரிந்துவிடும்.

இப்படிப் பார்த்ததில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. நம் மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் ஏறக்குறைய எல்லாமே பிறந்தபின் பிரிவதில்லை. பிரியாத செல்லில் படியெடுக்கும் பிழைக்கு வேலையில்லை. ஆனாலும் ஒவ்வொரு நியூரானிலும் ஆண்டுக்கு 15 முதல் 20 புதுப் பிறழ்வுகள் சேர்கின்றன. ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் சேதம், அதைச் செப்பனிடும்போது நேரும் பிசகு, எல்லாம் சேர்ந்து ஏறும் கணக்கு இது. டி.என்.ஏ. செப்பனிடும் மரபணுவே பழுதான காக்கெய்ன் சிண்ட்ரோம் என்னும் அரிய பரம்பரை நோயில் இந்தக் கணக்கு வயதுக்கு மீறி ஏறியிருந்தது. அல்சைமர் நோயாளிகளின் நியூரான்களிலும் வழக்கத்தைவிட அதிகப் பிறழ்வுகள் இருப்பதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே அது நோயின் காரணமா, நோயால் வந்ததா என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.

ஹன்டிங்டன் என்னும் பரம்பரை மூளை நோயில் கதை வேறு. 4-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 40 தடவையோ அதற்கு மேலோ இருந்தால், சராசரி ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். 1993-லேயே இது தெரியும். ஆனால் பிழை கருவிலிருந்தே எல்லாச் செல்லிலும் இருக்க, நோய் ஏன் 30, 40 வயதுவரை காத்திருக்கிறது? மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதியின் நியூரான்கள் மட்டும் ஏன் முதலில் மடிகின்றன?

ஏனென்றால் அந்த நியூரான்களில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் 42 என்று வந்தால், ஸ்ட்ரையேட்டத்திலும் 42 என்று அர்த்தமில்லை. 2025-இல் வெளியான ஓர் ஆய்வு, தனித்தனி நியூரானில் இந்த நீளத்தையும், எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்தே அளந்தது. 40 சொச்சம் பல பத்தாண்டுகள் மெல்ல மெல்ல நகர்கிறது. 80 வாக்கில் வந்ததும் வேகம் பிடிக்கிறது. 150-ஐத் தாண்டும்வரை நியூரானிடம் பெரிதாக எந்தக் கோளாறும் தெரியவில்லை. அதன்பின் மரபணுக்களின் ஒழுங்கு குலைந்து, கடைசியில் செல் மடிகிறது. ஒவ்வொரு நியூரானுக்கும் தன் தன் கடிகாரம்.

அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது யார் தெரியுமா? டி.என்.ஏ.வைச் செப்பனிடும் புரதங்களே. இழைகள் பிரிந்து மீண்டும் சேரும்போது, ஒரே மாதிரி எழுத்துகள் வழுக்கி ஒரு இழையில் சின்ன வளையம் துருத்திக்கொள்ளும். எம்.எஸ்.ஹெச்.3 என்ற புரதம் அதைக் கண்டு மற்றவற்றைக் கூட்டிவரும். அவை எதிர் இழையை வெட்டி, வளையத்துக்கு ஈடாக எழுத்துகளைச் சேர்த்து மூடிவிடும். எண்ணிக்கை கூடிவிட்டது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பரம்பரையாக வரும் சிறு வேறுபாடுகளும் நோய் தொடங்கும் வயதை முன்பின்னாகத் தள்ளுகின்றன. அதனால்தான் எம்.எஸ்.ஹெச்.3-இன் அளவைக் குறைக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சி நடக்கிறது. செல்கள் 150-ஐ எட்டும் முன் தடுத்துவிட்டால், இன்னும் மடியாத ஏராளமான நியூரான்களைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது.

உயிரோடு இருப்பவரின் மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாதே என்ற தடை மட்டும் நிற்கிறது. அதிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க, சிலருக்கு மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைச் செருகிச் சில நாள் வைத்திருப்பார்கள். அப்புறம் உருவிக் கழுவி எறிந்துவிடுவது வழக்கம். அவற்றின் நுனியில் ஒட்டிவரும் கொஞ்சம் செல்களிலிருந்தே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பிழை எந்த இடத்தில் அடர்த்தி, எந்த இடத்தில் குறைவு என்று இப்போது சில ஆய்வுக் குழுக்கள் வரைபடம் போடத் தொடங்கியிருக்கின்றன.