கேன்வாஸின் எடை ஓவியத்தைக் காப்பாற்றாது

சென்ற மாதம் என் வேலை மேசைக்கு வந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றுக்கு மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதன் வானப் பகுதியை விரலால் மெல்லத் தொட்டபோது நீலம் மாவுபோல் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. திருப்பிப் பார்த்தால், துணியின் பின்புறமெங்கும் திட்டுத்திட்டாக மஞ்சள் கறை படர்ந்திருந்தது. வரைந்தவர் கைத்திறன் மிக்கவர், வண்ணங்களையும் தரமானவையாகவே வாங்கியிருக்கிறார். “ஆனால் இது 380 ஜிஎஸ்எம் கேன்வாஸ் ஆயிற்றே” என்பதுதான் அவர் முதலில் சொன்னது. ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வேலையில் இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பின் எடை எத்தனை கிராம் என்பதைச் சொல்லும் எண். அவ்வளவுதான். அவுன்ஸில் குறித்திருந்தால், ஒரு சதுர கெஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 34 ஜிஎஸ்எம் ஆகும். ஆகவே 10 அவுன்ஸ் துணி சுமார் 340 ஜிஎஸ்எம். ஆனால் உறையின் மேல் அச்சிட்டிருக்கும் எண் வெறும் துணியின் எடையா, வண்ணம் தீட்டுமுன் துணியின் மேல் இடப்படும் வெள்ளைப் பூச்சையும் சேர்த்த எடையா என்று கேட்டு வாங்குபவர்கள் மிகச் சிலரே. துணி 250 கிராமும் பூச்சு 130 கிராமும் இருந்தாலும் உறையில் 380 என்றுதான் வரும். துணியே 340 கிராம் இருந்து மெல்லிய, உறுதியான பூச்சு 40 கிராம் இருந்தாலும் அதே 380தான் வரும். இரண்டும் ஒரே பொருள் அல்ல. பூச்சின் எடையைக் கூட்டுவதற்கு மிக எளிய வழி, பிணைக்கும் பிசினைக் குறைத்து மலிவான சுண்ணத்தூளை அள்ளிப் போடுவது. துணியின் எடையையே தனியாகச் சொல்லியிருந்தாலும், தடித்த நூலைத் தளர்வாக நெய்த துணியும் மெல்லிய நூலை நெருக்கமாக நெய்த துணியும் தராசில் ஒன்றுபோலவே நிற்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. கேன்வாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பூச்சுக்கு நடுவே ஊசித்துளைகளாக ஒளி தெரிந்தால், எண் எதுவாக இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடுங்கள்.

என்னிடம் வந்த ஓவியத்தில் நடந்தது இதுதான்: சுண்ணத்தூள் மிகுந்த பூச்சு, வண்ணத்திலிருந்த எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது, நிறமித்தூளைப் பிடித்துவைக்க எண்ணெய் போதாமல் மேற்பரப்பு மாவாக உதிர்ந்தது, உறிஞ்சிய எண்ணெய் துணி வரைக்கும் இறங்கிவிட்டது. எண்ணெய் ஏறிய துணி காலப்போக்கில் பழுப்பேறி நொறுங்கும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி என்பதால் அதை இங்கே விரித்துரைக்கவில்லை. பூச்சே இல்லாத துணியில் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் 1952-இல் நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊற்றி வரையவில்லையா என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் ஒருவராவது இருக்கிறார்கள். வரைந்தார். அந்த வண்ணங்களைச் சுற்றி எண்ணெய் ஒளிவட்டம்போல் படர்ந்தது. அவரே 1960களில், எண்ணெய் இல்லாமல் செயற்கைப் பிசினில் நிறமியைக் கலந்த அக்ரிலிக் வண்ணத்துக்கு மாறிவிட்டார்.

இதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. கேன்வாஸின் ஓர் ஓரத்தில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பின்புறத்தைப் பாருங்கள். கறை தெரிந்தால் அது எண்ணெய் வண்ணத்துக்கு ஆகாது. மிஞ்சிய துண்டை மடித்துப் பாருங்கள். பூச்சு ஓடுபோல் வெடித்து உதிர்ந்தால் அது எந்த வண்ணத்துக்குமே ஆகாது.

அடுத்த தொல்லை, ‘பூச்சிடப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லில் கிடைக்கும் நிம்மதி. எந்தப் பூச்சு என்று கேட்க வேண்டும். அக்ரிலிக் பூச்சின் மேல் அக்ரிலிக்கும் வரையலாம், எண்ணெய் வண்ணமும் வரையலாம். எண்ணெய்ப் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் மட்டுமே. அங்கே அக்ரிலிக்கைத் தீட்டினால் முதலில் ஒட்டியதுபோல் பாசாங்கு செய்துவிட்டு, ஒரு நாள் தோல்போல் உரிந்து வரும். நீர்வண்ணத்துக்கு உறிஞ்சும் தன்மையுள்ள தனிப் பூச்சு வேண்டும். இந்த வெள்ளைப் பூச்சுக்கு வழங்கும் ஜெஸ்ஸோ என்ற பெயரும் பலரைக் குழப்புகிறது: பழைய ஜெஸ்ஸோ விலங்குப் பசையும் வெண்தூளும் கலந்தது, விறைப்பானது, மரப்பலகைக்கு உரியது, இன்று டப்பாவில் வருவது வளைந்துகொடுக்கும் அக்ரிலிக். பழைய செய்முறையைப் படித்துவிட்டு முன்னதைத் துணியில் பூசி, விரிசல் விட்ட பின் என்னைத் தேடி வருபவர்கள் உண்டு. எண்ணெய் வண்ணத்துக்கு அடித்தளமாகத் துத்தநாக வெள்ளையையும் தவிர்த்துவிடுங்கள். அது எண்ணெயில் இறுகி நொறுங்கும் தன்மையது.

லினனா (ஆளிச்செடி நாரில் நெய்த துணி), பருத்தியா என்ற கேள்விக்கு நான் நீண்ட பதில் சொல்வதில்லை. லினன் நூலின் இழை நீளமானது, வலுவானது, பெரிய எண்ணெய் ஓவியத்துக்கு ஏற்றது. அக்ரிலிக் ஓவியத்துக்கும் பயிற்சிக்கும் நல்ல பருத்தித் துணியே தாராளமாகப் போதும். மட்டமான லினனை விட அடர்த்தியான பருத்தி மேல். (லினனும் ஆளிவிதை எண்ணெயும் ஒரே செடியிலிருந்து வருபவை. ஆயினும் நடுவே ஒரு தடுப்பில்லாமல் அவற்றைச் சேர்த்துவைக்க முடியாது.) முகத்தின் நுண்மைகளைத் தீட்டுபவர் மென்மையான நெசவையும், கத்தியால் வண்ணத்தை அப்புபவர் சொரசொரப்பான நெசவையும் தேடட்டும். சாக்குத்துணியின் சொரசொரப்பில் மயங்குபவர்கள் பிரெஞ்சு ஓவியர் கோகனைச் சான்றுக்கு அழைப்பதுண்டு; அவர் 1888-இல் பிரான்ஸின் ஆர்ல் நகரில் 20 மீட்டர் சணல் துணி வாங்கினார், அவரும் வான்கோவும் அதில் வரைந்தார்கள் என்பது உண்மையே. சணல் விரைவில் நலிந்து நொறுங்கும் நார் என்பதும் உண்மை. அவர்களுடைய ஓவியங்களைக் காக்க அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. உங்களுடையதற்குச் சுவரும் ஆணியும்தான் இருக்கின்றன.

துணியை இவ்வளவு ஆராய்பவர்கள்கூட அது இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் மரச்சட்டத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து பாருங்கள்; சமமாக இல்லாவிட்டால் சட்டம் கோணல். ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்வையை ஓட்டினால் முறுக்கு தெரிந்துவிடும். சட்டத்தின் உள்விளிம்பு துணியைத் தொடாதபடி சரிவாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் ஓவியத்தின் நான்கு பக்கமும் சட்டத்தின் தடம் கோடாக எழும்பும். 90 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கேன்வாஸுக்கு நடுவே குறுக்குக்கட்டை அவசியம். மூலைகளில் ஆப்பு செருகும் வசதியுள்ள சட்டம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனெனில் துணி தளர்ந்தால் ஆப்பை மெல்லத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

அந்த வசதி இல்லாதவர்கள் செய்யும் ஒன்றைப் பற்றி, திட்டாமல், கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்: வரைந்து முடித்த ஓவியம் தளர்ந்துவிட்டதென்று அதன் பின்புறம் தண்ணீர் தெளிக்காதீர்கள். நனைந்த துணி சுருங்கி இறுகும்போது மேலே உலர்ந்து விறைத்திருக்கும் எண்ணெய் வண்ணம் கூடவே சுருங்காது. அது மடிந்து, கிளம்பி, செதில் செதிலாக விழும். அந்தச் செதில்களைக் காகித உறையில் போட்டுக் கொண்டுவந்து நீட்டுபவர்களின் முகத்தைப் பார்ப்பது இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி.

அந்த நீல வானத்தின் மேல் நீர்த்த பிசினைச் சிறிது சிறிதாக ஊட்டி உதிர்வை நிறுத்த முடியும், ஆனால் நிறம் சற்றுக் கருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். அதே கேன்வாஸில் இன்னும் இரண்டு வரையப்படாமல் அவரிடம் இருக்கின்றனவாம். அவற்றில் நல்ல அக்ரிலிக் ஜெஸ்ஸோவை, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததாக, மூன்று முறை பூசி, குறைந்தது மூன்று நாள் உலரவிட்டு, ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டுத் தூரிகையை எடுக்கும்படி எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.