தண்ணீர் ஆகும் மருந்து, ஆகாத மருந்து

புட்டுக்கு மாவு பிசறும்போது ஒரு பதம் பார்ப்போம். கையில் அள்ளிப் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் குறைந்தால் மாவு மாவாகவே கிடக்கும். கூடினால் கட்டி தட்டிவிடும். மாத்திரை செய்யும் தொழிற்சாலைகளிலும் இதே பதம் பார்க்கிறார்கள். கலவை இயந்திரத்தை நிறுத்தி, கையுறை போட்ட கையால் ஒரு பிடி அள்ளி இறுக்கி, கட்டைவிரலால் அழுத்துவார்கள். பிடி சுத்தமாக இரண்டாக உடைந்தால் பதம் சரி. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வைத்தும் இப்போது பதத்தைக் கணிக்கலாம். ஆனாலும் கைப்பதம் போகவில்லை.

மருந்துப் பொடியை நேராக அச்சில் போட்டு அழுத்தினால் என்ன? சில மருந்துகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பல மருந்துகள் மைதா மாதிரி நைஸாக இருக்கும், சரளமாகக் கொட்டாது. மாத்திரை இயந்திரம் மருந்தை எடை போட்டு எடுப்பதில்லை. ஒரு சின்னக் குழியை நிரப்பி, நிரம்பியதை அழுத்துகிறது. மணிக்கு லட்சத்துக்கும் மேல் மாத்திரைகள் விழும் வேகத்தில் ஒரு குழி நிரம்பக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பதை விடக் குறைவு. பொடி தயங்கினால் ஒரு மாத்திரை கனமாகவும் அடுத்தது லேசாகவும் விழும். 250 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள மாத்திரைகளுக்கு இந்தியன் பார்மகோபியா (மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் நூல்) பொதுவாக அனுமதிக்கும் எடை வித்தியாசம் 5 சதவீதம்தான். அதனால் பொடியை முதலில் ரவை போலக் குருணையாக்கிக் கொள்கிறார்கள்.

குருணையாக்க இரண்டு வழிகள். தண்ணீர் சேர்த்து ஒட்டவைப்பது ஒன்று. தொழிற்சாலைப் பேச்சில் ‘வெட்’. தண்ணீரே இல்லாமல் அழுத்தி ஒட்டவைப்பது இன்னொன்று, ‘டிரை’. எது நல்லது என்று கேட்டால் பேச்சு உடனே செலவுக்கும் நேரத்துக்கும் போய்விடும். அதற்கு முன்னால் மருந்தைக் கேட்க வேண்டும்: உனக்குத் தண்ணீர் ஆகுமா, சூடு ஆகுமா?

பாராசிட்டமாலுக்கு இரண்டும் ஆகும். அதன் பிரச்சினை வேறு. அந்தப் படிகங்கள் அழுத்தினால் அமுங்கும், விட்டால் பழையபடி விரியப் பார்க்கும். வெறும் பொடியை அழுத்தி எடுத்தால் மாத்திரையின் மேல்பகுதி மூடி போலக் கழன்று வந்துவிடும். கேப்பிங் என்பார்கள். 500 மில்லிகிராம் மருந்து அடங்க வேண்டிய மாத்திரையில் நன்றாக ஒட்டும் வேறு பொருளை நிறையச் சேர்க்கவும் இடமில்லை. ஈர வழி கைகொடுப்பது இங்கேதான். ஸ்டார்ச்சைக் கஞ்சியாகக் காய்ச்சியோ, போவிடோன் என்ற பசைப் பொருளைத் தண்ணீரில் கரைத்தோ பொடியில் ஊற்றிக் கலக்குகிறார்கள். துகளுக்கும் துகளுக்கும் நடுவே தண்ணீர் பாலம் போல நின்று இரண்டையும் இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் ஈர மணலைப் பிடித்துவைத்தால் நிற்பதும் இதனால்தான். காய்ந்ததும் தண்ணீர் போய்விடும். அது நின்ற இடத்தில் பசை கெட்டியாகும். படிகங்களின் மேலும் பசை மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால், அச்சில் அழுத்தும்போது பூச்சும் பூச்சும் ஒட்டிக்கொள்கின்றன.

செலவு வைப்பது காய வைக்கும் வேலை. 100 கிலோ பொடிக்கு 20 கிலோ தண்ணீர் ஊற்றினால், அதை ஆவியாக்க மட்டும் சுமார் 45,000 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 12 யூனிட்டுக்கும் மேல் மின்சாரத்துக்குச் சமம். சூடான காற்றில் குருணையை மிதக்கவிட்டு உலர்த்தும்போது நிறைய வெப்பம் காற்றோடு போவதால் உண்மைச் செலவு இன்னும் கூடும். சருகாகக் காய்ந்தாலும் ஆபத்து. கொஞ்சம் ஈரம் குருணையில் தங்க வேண்டும். இல்லையென்றால் போன கேப்பிங் திரும்பி வந்துவிடும்.

சரி, டாக்டர்கள் ‘625’ என்று எழுதும் மாத்திரைக்கு வருவோம். 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலம். அமாக்சிசிலினை உடைக்கப் பாக்டீரியா வைத்திருக்கும் நொதியைத் தடுப்பது கிளாவுலனிக் அமிலத்தின் வேலை. மாத்திரையில் அது பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிச் சிதைந்துபோகும். அதில் தண்ணீர் ஊற்றிப் பிசறி, சூட்டில் காய வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அதனால் முதலில் அறையின் காற்றையே உலர்வாக வைக்கிறார்கள். அப்புறம் பொடியை எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுகிறார்கள். கரும்புச் சாறு பிழியும் இயந்திரம் மாதிரிதான். மறுபக்கம் பொடி கெட்டியான பட்டையாக வெளியே வரும். பட்டையை உடைத்துச் சல்லடையில் தள்ளினால் குருணை. துகள்கள் நசுங்கி நெருங்கி, அந்த நெருக்கத்தில் செயல்படும் மூலக்கூறு ஈர்ப்பாலேயே ஒட்டுகின்றன. காய வைக்க எதுவுமில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் இப்படியே செய்யலாமே என்று தோன்றும். உருளையில் பட்டது முதல் அழுத்தம், மாத்திரை அச்சில் படுவது இரண்டாவது. மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் மாதிரி, களிமண்போல நசுங்கி ஒட்டும் பொருள் தன் நசுங்கும் திறனில் ஒரு பகுதியை உருளையிலேயே செலவழித்துவிடும். மிச்சமிருப்பதை வைத்துத்தான் மாத்திரை நிற்க வேண்டும். உருளையை அதிகம் இறுக்கினால் குருணை அழகாக வரும், மாத்திரை வலுவிழக்கும். தளர்த்தினால் குருணையே தூளாகிவிடும். லாக்டோஸ் மாதிரி நொறுங்கும் பொருளில் இந்த இழப்பு குறைவு. நொறுங்கும்போதெல்லாம் ஒட்டுவதற்குப் புதிய பரப்புகள் கிடைக்கின்றன. அதனால் உலர் வழியில் இந்த இரண்டு ரகத்தையும் சேர்த்துக் கலவை அமைப்பது வழக்கம்.

தண்ணீர் ஆகும் மருந்து என்றால் நான் ஈர வழியையே விரும்புவேன். மாத்திரைக்கு ஒரு மில்லிகிராம் போல மிகக் குறைந்த அளவு மருந்து இருந்தால், அதைப் பொடியில் ஊற்றும் திரவத்திலேயே கரைத்து ஊற்றலாம். கலந்தது பிறகு எளிதில் பிரியாது. ஆனால் ‘ஆகும்’ என்று சொல்வதற்கு முன் நன்றாகப் பார்க்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபைன் தண்ணீர் பட்டுச் சிதைவதில்லை. தண்ணீரைத் தன் படிகத்துக்குள் சேர்த்துக்கொண்டு டைஹைட்ரேட்டாக மாறும். அந்த வடிவம் கரைவது குறைவு. மருந்தின் அளவை மட்டும் சோதித்தால் குறையே தெரியாது. கரையும் வேகத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

625 மாத்திரை ஈரம் புகாத அலுமினியத் தாளில் அடைத்து வருவதும் அந்தப் பொட்டாசியம் உப்புக்காகத்தான். வேளைக்கு ஒன்றாக முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைத்தால், மழைக்காலத்தில் வெள்ளை மாத்திரையில் பழுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கலாம். சாப்பிடும் நேரத்தில் மட்டும் தாளைக் கிழியுங்கள்.