நியோவாஸ்குலரைசேஷன்: சொல்லும் பொருளும்

விழித்திரைப் பரிசோதனைச் சீட்டுகளில் என்.வி.டி., என்.வி.இ. என்று சுருக்கமாக எழுதப்படும் குறிப்புகளின் முதல் இரண்டு எழுத்துகளும் நியோவாஸ்குலரைசேஷன் என்னும் சொல்லையே குறிக்கின்றன. 'நியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் புதியது என்று பொருள். 'வாஸ்குலம்' என்னும் இலத்தீன் சொல் சிறு கலத்தைக் குறிக்கும். ஆகவே புதிதாகச் சிறு குருதிக்குழாய்கள் உண்டாதல் என்பது இதன் நேர்ப்பொருள். தவறான இடத்தில் உண்டாகின்றன என்னும் செய்தி சொல்லுக்குள் இல்லை. கண் மருத்துவர்களின் வழக்கே அதை ஏற்றியிருக்கிறது.

விழித்திரை ஆக்சிஜனைப் பெருமளவில் செலவிடும் திசு. நீரிழிவில் அதன் தந்துகிகள் அடைபடும்போது பாதிக்கப்பட்ட பகுதி மூச்சுத் திணறுகிறது. ஆக்சிஜன் போதிய அளவு உள்ளவரை, ஹிஃப் எனப்படும் புரதத்தின் மீது நொதிகள் ஓர் அடையாளமிட, வி.எச்.எல். என்னும் மற்றொரு புரதம் அதைப் பற்றிச் சிதைவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. ஹிஃப் தேங்கி, உட்கருவுக்குள் நுழைந்து, வெஜ்ஃப் என்னும் வளர்ச்சிக் காரணியின் மரபணுவைத் தூண்டிவிடும். இந்த ஆக்சிஜன் உணர்வு முறையைக் கண்டறிந்த கெலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. விழித்திரையிலிருந்து பரவும் ஏதோவொரு பொருளே புதிய குழாய்கள் முளைப்பதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று கண் மருத்துவர் மைக்கேல்சன் 1948இலேயே ஊகித்திருந்தார் என்பது வியக்கத்தக்கது.

வெஜ்ஃப், குழாய்ச் சுவரின் உள்ளணி உயிரணுக்களிலுள்ள ஏற்பிகளைப் பற்றி, அவற்றைப் பெருகவும் நகரவும் செய்கிறது. ஆஞ்சியோபாய்ட்டின்-2 என்னும் புரதம் சுவரின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அவ்வாறு தோன்றும் குழாய்கள் உறுதியற்றவை. அவை கசியும், கிழிந்து கண்ணின் கூழ்மத்துக்குள் குருதியைக் கொட்டும். நீரிழிவு இல்லாத இளைஞர்களுக்கும் இந்நிலை வரக்கூடும். 1880இல் ஹென்றி ஈல்ஸ் விவரித்த நோய் அத்தகையது, இந்தியாவில் அது அதிகம் காணப்படுகிறது.

வேலூர், குடியாத்தம் பக்கத்தில் மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட்டு வருபவர், "கண்ணுல புதுசா நரம்பு மொளச்சிகீதாம்" என்பார். குருதிக்குழாயை நரம்பு என்பது பேச்சு வழக்கு. ஆனால் பார்வை நரம்பே அருகிலிருக்கும் கண்ணைப் பற்றிப் பேசும்போது அது குழப்பம் தரும். இச்சொல்லைத் தமிழாக்கும்போது 'குருதிக்கலம்' என்றால், உயிரணுவையும் கலம் என்று வழங்குவோர் உள்ளதால் அதுவும் மயக்கம் தரும். நாளம் என்பது உள்ளீடற்ற தண்டையும் குழாயையும் குறிக்கும் சொல். எனவே 'புதுநாளப் படர்ச்சி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'தோற்றம்', 'உருவாக்கம்' என்பவற்றைவிடப் 'படர்ச்சி' பொருத்தமானது, ஏனெனில் இந்நாளங்கள் விழித்திரையின் மேற்பரப்பில் கொடியாகப் படர்கின்றன. அப்படிக் கொண்டால் என்.வி.டி. என்பது பார்வை நரம்புத் தட்டின் மேல் புதுநாளப் படர்ச்சி; என்.வி.இ. என்பது விழித்திரையின் பிற இடங்களில் புதுநாளப் படர்ச்சி. முன்னது பார்வைக்கு அதிக ஆபத்தானது. ஆகவே தமிழில் எழுதித் தரும்போது இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.