நேர்சாலையில் ஏன் தோள் குடைகிறது?

சத்தியமங்கலத்திலிருந்து சரக்கு வண்டியில் மல்லிகைப்பூ ஏற்றிச் செல்லும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “திம்பம் மலை ஏறி சாம்ராஜ்நகர் போகும் நாளில் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துக் கை ஓய்ந்துபோகும். ஆனால் தோள் வலித்ததில்லை. பவானி தாண்டி நான்குவழிச் சாலையில் சேலம் போகும் நாளில் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் வலது தோள்பட்டை குடைகிறது. வீட்டில் வாயு என்கிறார்கள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்தபடி, கடிகார முள் நிற்பதுபோல் பத்து பத்தில்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். பிடிப்பதில் தவறா?”

உழைத்த நாளில் வலியில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்த நாளில் வலி. அவர் கவனித்தது மிகச் சரியானது. இதற்கான விடை நம் தசைகளை ஆளும் ஓர் அழகான விதியில் இருக்கிறது.

முதலில் பளுவைப் பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை ஏறத்தாழ மூன்றரை கிலோ இருக்கும். அதை முன்னால் நேராக நீட்டினால் கையின் எடைமையம் தோள் மூட்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அதைத் தூக்கிப் பிடிக்கும் தசையோ மூட்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் அளவு நெம்புகோல் தூரத்தில்தான் இழுக்கிறது. பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்குதான்: பத்தில் ஒரு பங்கு தூரம் என்றால் பத்து மடங்கு விசை. மூன்றரை கிலோ கைக்கு முப்பத்தைந்து கிலோ இழுப்பு. ஸ்டியரிங் இதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. முழங்கையை மடக்கி மேற்கையை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டால் சுமை இன்னும் குறையும்.

அடுத்தது ரத்த ஓட்டம். தசை சுருங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் நசுங்குகின்றன. தளரும்போது ரத்தம் பாய்கிறது. சுருங்கித் தளர்ந்துகொண்டே இருக்கும் தசைக்கு ஊட்டமும் கிடைக்கும், கழிவும் வெளியேறும். தளராமல் நிற்கும் தசைக்கு இரண்டும் தடைபடும். தோள்பட்டை எலும்பின் மேற்பள்ளத்தில் ‘சுப்ராஸ்பைனேட்டஸ்’ என்றொரு தசை இறுக அடைபட்டுக் கிடக்கிறது. விரிய இடமில்லாததால், கையைப் பக்கவாட்டில் சற்றே தூக்கினாலும் அதற்குள் அழுத்தம் விறுவிறுவென ஏறிவிடும்.

இதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. கையை மடக்கி, ஸ்டியரிங்கில் ஊன்றி ஓட்டுபவரின் தோள் தசைகள் தங்கள் முழு வலிமையில் சிறு பங்கைத்தான் செலவிடுகின்றன. ஜெர்மானிய ஆய்வாளர் வால்ட்டர் ரோமர்ட் 1960-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம், முழு வலிமையில் 15 சதவீதத்துக்குக் குறைவான இழுப்பை ஒரு தசை மிக நீண்ட நேரம் தாங்கும் என்றது. அப்படியானால் நேர்சாலையில் ஓட்டும் தோள் ஏன் குடைய வேண்டும்?

தசையை ஒரே பொருளாக நினைப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. தசை என்பது பல குழுக்கள். தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தனக்கென ஒரு கொத்துத் தசை இழைகளை வைத்திருக்கிறது. சில அணுக்கள் சிறியவை. அவற்றிடம் கொஞ்சம் இழைகளே உண்டு. சில பெரியவை, ஆயிரம் இழைகளுக்கு மேல்கூட இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு வேலை வந்ததும் இவற்றில் எது முதலில் எழும்?

அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் 1957-இல் இதற்கு விடை கண்டார். பூனையின் தண்டுவடத்திலிருந்து வெளியேறும் மெல்லிய நரம்பிழைகளில் மின்துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டே தசையை இழுத்தார். லேசாக இழுத்தபோது சிறிய துடிப்புகள் மட்டும் தெரிந்தன. இழுப்பு கூடக் கூட, அவற்றைவிடப் பெரிய துடிப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இழுப்பைக் குறைத்தபோது பெரியவை முதலில் அடங்கின. சிறியவை கடைசிவரை துடித்தன. வரிசை மாறவில்லை.

இந்த வரிசையை யார் நிர்ணயிக்கிறார்கள்? மூளை உட்கார்ந்து பட்டியல் போடுவதில்லை. பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி போதும். சிறிய நரம்பணுவின் மேற்பரப்பு சிறியது. மின்னோட்டம் கசிந்து வெளியேற வழி குறைவு. எனவே மின்தடை அதிகம். மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கி வருவது. ஒரே அளவு மின்னோட்டம் சிறியதற்கும் பெரியதற்கும் போய்ச் சேர்ந்தால், தடை அதிகமான சிறியதில்தான் மின்னழுத்தம் முதலில் வரம்பைத் தொடும். அதுதான் முதலில் துடிக்கும். உயிருள்ள உடலின் ஒவ்வோர் அசைவுக்கும் அடியில் இத்தனை எளிய இயற்பியல் இருக்கிறது என்பதைப் படித்த நாளிலிருந்து நான் வியந்துகொண்டே இருக்கிறேன். பூப்போல ஒரு பூவை எடுக்கவும், மூட்டையைத் தூக்கவும் ஒரே தசை போதும்படி இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. வேலை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சிறிய குழுக்கள் எழுந்தே ஆக வேண்டும். வேலை முழுவதும் நிற்கும்வரை அவற்றுக்கு விடுப்பு இல்லை. கூட்டுக் குடும்பத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் கடைசியில் படுக்கும் மருமகளின் நிலைமைதான் அவற்றுக்கும். எளிதில் களைக்காத சிவப்பு இழைகள்தான் அவை. ஆனாலும் மணிக்கணக்கில் ஒரு நொடி ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தால் நலிந்துபோகும். ஸ்வீடனின் ஆய்வாளர் யோரான் ஹெக் 1991-இல் இதை, ஓயாமல் வீட்டு வேலை செய்யும் தேவதைக் கதைப் பெண்ணின் பெயரால், ‘சிண்ட்ரெல்லா கருதுகோள்’ என்று முன்வைத்தார். மொத்தத் தசை களைக்கவே இல்லை. அதற்குள் ஒரு சிறுபான்மை மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. சராசரி இழுப்பை மட்டும் அளந்தால் இது கண்ணில் படாது. இன்னும் கருதுகோள்தான் என்றாலும் லேசான வேலையில் ஏன் வலி வருகிறது என்பதற்கு இதைவிட நேர்த்தியான விளக்கத்தை நான் படித்ததில்லை.

நார்வேயில் பொட்டலமிடும் வேலை செய்த பெண்களின் கழுத்துத் தசையில் மின்வாய்களை ஒட்டி அளந்தார்கள். தசை முற்றிலும் அடங்கும் குட்டி இடைவெளிகளைத் தேடி எண்ணினார்கள். அவர்கள் எண்ணிய இடைவெளியின் நீளம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல். இத்தகைய இடைவெளிகள் குறைவாக இருந்தவர்களிடம்தான் வலி கூடுதலாகக் காணப்பட்டது. 0.2 நொடி ஓய்வுகூடத் தசைக்குப் பெரிது!

இப்போது திம்பத்துக்கு வாருங்கள். பண்ணாரியிலிருந்து ஏறும்போது ஒரு கை ஸ்டியரிங்கைக் கீழே இழுக்கிறது; மறு கை விளிம்பில் வழுக்கி மேலே போகிறது. அடுத்த வளைவில் வேலை கை மாறுகிறது. இடையில் கியர் மாற்ற இடது கை இறங்குகிறது. பெரிய குழுக்களும் எழுகின்றன, எல்லாம் சேர்ந்து வேர்க்க வேர்க்க உழைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் சிறியவற்றுக்கும் சில கணம் முழு ஓய்வு கிடைத்துவிடுகிறது, ரத்தமும் பாய்கிறது. நான்குவழிச் சாலையில் இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. இடது கையாவது கியருக்குப் போய் வரும். வலது கை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், பவானி முதல் சேலம் வரை. நம் வாசகருக்கு வலது தோள் குடைவதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மனநிலைக்கும் இதில் பங்குண்டு. பதற்றம் வந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள தசை வேலையே இல்லாமல் இறுகும். நடுத்திட்டு இடைவெளியில் எந்த மொபெட் திரும்புமோ என்ற கவலையோடு ஓட்டுபவருக்குத் தோள் காதை நோக்கி ஏறியே இருக்கும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பின் சோதித்துப் பாருங்கள். இடது கை விரல்களை வலது தோளின் மேல்சதையில் அழுத்தி வைத்துக்கொண்டு, வலது கையால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கள். உள்ளங்கையில்தான் இறுக்குகிறோம், விரலுக்கடியில் தோள்சதை கெட்டியாவது தெரியும். பிடியை மெல்லத் தளர்த்துங்கள், அதுவும் இளகும்.

இனி பத்து பத்து. கடிகார முள் 10.10 காட்டுவதுபோல் கைகளை வைப்பது பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்துப் பாடம். பெரிய சக்கரத்தின் மேல்பகுதியைப் பிடித்து உடல் எடையையும் சேர்த்துத் தொங்கினால்தான் பழைய வண்டி திரும்பும். இன்றைய காருக்கு அது தேவையில்லை. தோளை மட்டும் தூக்கி வைக்கிறது. ஏர்பேக் வந்தபின் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். மோதிய நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் பை விரிந்துவிடும். சக்கரத்தின் உச்சியில் ஒற்றைக் கையைப் போட்டு ஓட்டினால், அந்தக் கையைப் பை முகத்தின் மேல் தூக்கி அடிக்கும். ஆகவே இன்றைய அறிவுரை ஒன்பதேகால்: இடது கை 9-இல், வலது கை 3-இல்.

ஏர்பேக் மூடியின்மேல் உலோகத்தில் செய்த சாமி படமோ சின்னமோ ஒட்டுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பண்ணாரி அம்மனை வேண்டிக்கொண்டு மலை ஏறுபவர்களை நான் மதிக்கிறேன். குங்குமம் வைப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் பை விரியும்போது அந்தத் தகடு நேராக உங்கள் முகத்துக்கு வரும். படத்தை டாஷ்போர்டின் ஓரத்தில், பை விரியும் வழிக்கு விலகி வையுங்கள்.

வாயு என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியாது. எண்ணெய் தேய்த்து நீவினால் இதமாக இருப்பது உண்மை. சூடும் அழுத்தமும் இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. மந்திரித்துக் கயிறு கட்டுபவர்களிடம் கொடுக்கும் காசுக்கு அந்த இதம்கூடக் கிடையாது. தினக்கூலியை நம்பி வண்டி ஓட்டும் மனிதரிடம் அந்தப் பணத்தை வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. நூற்பாலைத் தொழிலுக்கென 1956-லேயே கோவையில் சிட்ரா ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் நாடு முழுவதும் லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் ஓட்டுகின்றன. அந்த ஓட்டுநர்களின் தோளுக்கும் முதுகுக்கும் அதுபோல ஒரு நிலையம் இங்கே வர வேண்டும். மின்வாயும் பதிவுக் கருவியும் நம் பொறியியல் கல்லூரிகளுக்கு எட்டாத செலவல்ல. பாடி கட்டும் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அளந்ததை மறுமாதமே இருக்கையில் செய்து பார்க்கலாம்.

கையைவிட முதலில் இருக்கையைச் சரிசெய்யுங்கள். முதுகை நன்றாகச் சாய்த்து, கையை நேராக நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் இருக்கை பின்னால் இருக்கிறது. தோள் இழுபட்டே கிடக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றும் பழக்கம் பலருக்கு உண்டு. தோளுக்குச் சுகம்தான். ஆனால் முழங்கையின் உட்புறப் பள்ளத்தில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அங்கே நசுங்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது அதனால்தான். இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோ, விடாத மரப்போ இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வேர்வையும் சேர்ந்து வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நம் வாசகரின் வண்டியில் ஏர்பேக் இல்லை. ஸ்டியரிங் படுக்கை வாட்டத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். படுக்கையான சக்கரத்தில் ஒன்பதேகாலிலும் முழங்கை உயரக்கூடும். நேர்சாலையில் கைகளை 8-க்கும் 4-க்கும் இறக்கி, விளிம்பில் லேசாகப் படியவிட்டு ஓட்டலாம். நெரிசல் வந்ததும் ஒன்பதேகாலுக்கு ஏற்றிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறையாவது பிடியை மாற்ற வேண்டும். வைகுந்தம் சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தொடையில் விட்டுத் தோளை முழுவதும் இறக்குங்கள்.