குரங்கம்மை: பக்கு உதிரும் வரை

1970இல் காங்கோவின் பசன்குசு என்ற ஊர் மருத்துவமனைக்கு ஒன்பது மாத ஆண் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் காய்ச்சல், பிறகு உடம்பெல்லாம் கொப்புளம். பார்த்தவர்களுக்குப் பெரியம்மை என்றே பட்டது. ஆனால் அந்தப் பகுதியில் பெரியம்மை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்திருந்தது. கொப்புளத்திலிருந்து எடுத்த மாதிரியை ஆராய்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 1958இல் கோபன்ஹேகன் ஆய்வகம் ஒன்றில் குரங்குகளிடம் கண்டறியப்பட்ட அம்மைக் கிருமி அது. மனிதருக்குக் குரங்கம்மை வந்ததாகப் பதிவான முதல் நிகழ்வு அதுவே. அந்த வீட்டில் பெரியம்மைத் தடுப்பூசி போடாமல் விட்டுப்போனது அந்தக் குழந்தைக்கு மட்டும்.

இந்தக் கடைசித் தகவலில் பாதிக் கதை அடங்கிவிடுகிறது. பெரியம்மை, மாட்டம்மை, குரங்கம்மை ஆகியவற்றின் கிருமிகளும், பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வாக்சினியா கிருமியும் ஆர்த்தோபாக்ஸ் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடு மோதிப் பழகிய உடம்பு மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். பெரியம்மைத் தடுப்பூசி குரங்கம்மையிலிருந்தும் ஏறக்குறைய 85 விழுக்காடு காப்பு தந்ததை 1980களில் காங்கோவில் நடந்த ஆய்வுகள் காட்டின. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் வட்டமாகக் குழிவிழுந்த தழும்பு ஒன்று இருக்கும். கேட்டால் ‘அம்மை குத்தினது’ என்பார்கள். 1980இல் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததோடு அந்த ஊசிக்கான தேவை முடிந்தது. நிறுத்தியது சரியான முடிவுதான். அந்த ஊசியால், அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவுகள் வந்ததுண்டு. ஆனால் அதற்குப் பின் பிறந்தவர்களின் உடம்புக்கு இந்த இனத்துக் கிருமிகளோடு அறிமுகமே இல்லை. காங்கோவில் குரங்கம்மை பின்னாளில் பல மடங்கு கூடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெயரில் குரங்கு இருந்தாலும் குரங்கு இந்தக் கிருமியின் நிரந்தர வீடு அல்ல. ஆப்பிரிக்கக் காட்டு அணில்கள், பெரிய எலிகள் போன்ற கொறிக்கும் விலங்குகள் மீதுதான் ஆய்வாளர்களின் சந்தேகம். 2003இல் கானாவிலிருந்து அமெரிக்காவுக்கு விற்பனைக்குப் போன எலிகள், செல்லமாக வளர்க்கப்படும் வேறு கொறிவிலங்குகளுக்கு நோயைக் கொடுத்தன. அவற்றைத் தூக்கிக் கொஞ்சியவர்கள் உட்பட 47 பேருக்குத் தொற்றியது. குரங்கின் பெயராலும் ஆப்பிரிக்காவின் பெயராலும் நோயாளிகள் இழிவுபடுத்தப்பட்டதால், 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் ‘எம்பாக்ஸ்’ என்ற பெயரைக் கொண்டுவந்தது. தமிழில் குரங்கம்மை என்ற பெயரே இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இங்கும் அதையே எழுதுகிறேன்.

இனி கிருமிக்கு வருவோம். டிஎன்ஏ கொண்ட பல கிருமிகள் நம் உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து, அங்குள்ள கருவிகளைப் பயன்படுத்தித்தான் தம்மைப் பிரதி எடுக்கும். அம்மைக் கிருமிகள் அப்படியல்ல. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் கிளம்புபவரைப் போல, தமக்கு வேண்டிய நொதிகளைத் தாமே சுமந்து வருகின்றன. கருவுக்கு வெளியே, உயிரணுவின் திரவப் பகுதியிலேயே தங்கிப் பெருகுகின்றன. அதனால்தான் அவற்றின் மரபுச்சரம் அவ்வளவு நீளம்: சுமார் 1,97,000 எழுத்துகள். கொரோனா கிருமிக்கு 30,000தான். இந்த நீண்ட சரத்தின் ஒரு பகுதி நம் நோயெதிர்ப்பை ஏமாற்றுவதற்கென்றே இருக்கிறது. உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் எச்சரிக்கைச் சைகைகளை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் புரதங்களைக்கூடக் கிருமி தயாரிக்கிறது.

தோலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகவோ, வாய், கண், பிறப்புறுப்பு, ஆசனவாய் ஆகியவற்றின் மெல்லிய சவ்வு வழியாகவோ கிருமி உள்ளே போகிறது. நுழைந்த இடத்தில் கொஞ்சம் பெருகி, பக்கத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போய், அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. கழுத்திலோ அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ நெறி கட்டுவது இதனால்தான். கிருமி நுழைந்ததிலிருந்து அறிகுறி தெரிவதற்கு வழக்கமாக 3 முதல் 17 நாள் ஆகும், சிலருக்கு 21 நாள்கூட. பிறகு காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, அசதி. அதன்பின் கிருமி தோலுக்கு வந்து சேர்கிறது. தட்டையான சிவப்புப் புள்ளி தடிப்பாகி, நீர் கோத்து, சீழ் வைத்து, கடைசியில் காய்ந்து பக்காகிறது. முழுதாக ஆறுவதற்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும்.

எல்லா எச்சரிக்கைகளுக்கும் வேர் இந்தக் கொப்புளம்தான். இந்த நோயில் கிருமி மிக அடர்த்தியாகக் குவிந்திருக்கும் இடம் அது. கொப்புளத்து நீரில் மட்டுமல்ல, காய்ந்து உதிரும் பக்கிலும் உயிருள்ள கிருமி இருக்கும். வறண்டால் சீக்கிரம் செத்துப்போகும் பல கிருமிகளைப் போலன்றி, அம்மைக் கிருமிகள் வறட்சியைத் தாங்குபவை. வெயில் படாத அறையில், துணி மடிப்பில், படுக்கை விரிப்பில் நாட்கணக்கில் இருக்கக்கூடியவை. அதே சமயம் சோப்பு, சாராயம் கலந்த கைச் சுத்திகரிப்பான், பிளீச்சிங் கரைசல் எல்லாவற்றுக்கும் அவை எளிதில் அழிந்துவிடும்.

ஆகவே கொப்புளத்தின் மீது தோல் உரசுவது, உடலுறவு, முத்தம், நோயாளியின் துண்டையும் போர்வையையும் பகிர்வது ஆகியவையே முக்கிய வழிகள். கர்ப்பிணியிடமிருந்து கருவுக்கும் போகலாம். முகத்துக்கு முகம் நெருங்கி நெடுநேரம் பேசினால் மூச்சுத்துளி வழியாகவும் பரவ வாய்ப்புண்டு. ஆனால் தட்டம்மை போலவோ கொரோனா போலவோ காற்றில் வெகுதூரம் மிதந்துவந்து பிடிக்கும் நோய் இது அல்ல. பேருந்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தவருக்கு இருந்தது என்பதற்காகக் கலங்க வேண்டியதில்லை. சிலரிடமிருந்து அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவுவதும் உண்டு.

காட்டு விலங்கிடமிருந்து எப்போதாவது தாவி, ஒரு குடும்பத்தோடு அடங்கிப்போகும் நோயாகத்தான் பல ஆண்டுகள் இது இருந்தது. இந்த நிலைமை நைஜீரியாவில் மாறியது. 1978க்குப் பிறகு அங்கு ஒருவருக்கும் கண்டறியப்படாதிருந்த நோய், 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுவன் ஒருவனிடம் தென்பட்டது. அவனைப் பார்த்த மருத்துவர் டிமி ஒகொய்னா, தொடர்ந்து வந்த நோயாளிகளில் இளைஞர்கள் பலர் இருப்பதையும், பலருக்குப் பிறப்புறுப்பில் புண்கள் இருப்பதையும் கவனித்தார். உடலுறவு வழியாகப் பரவுகிறதோ என்று அப்போதே எச்சரித்தார். உலகம் அதைப் போதுமான அளவு காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் 2022 வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் சொன்னது சரிதான் என்பதற்குக் கிருமியின் மரபுச்சரத்திலேயே சான்று கிடைத்தது. நம் உயிரணுக்களில் அபோபெக்3 என்ற நொதிகள் உண்டு. உள்ளே வரும் கிருமியின் டிஎன்ஏவைச் சிதைப்பது அவற்றின் வேலைகளில் ஒன்று. மரபுச்சரத்தின் எழுத்துகளில் ‘டி’க்கு அடுத்து ‘சி’ வரும் இடமாகப் பார்த்து, அந்தச் ‘சி’யை ‘டி’யாக மாற்றிவிடும். அம்மைக் கிருமிகள் இயல்பில் மிக மெதுவாகவே மாறுபவை. ஆனால் 2018 வாக்கில் எடுத்த மாதிரிகளையும் 2022இல் எடுத்தவற்றையும் ஒப்பிட்டால் ஐம்பதையொட்டிய மாற்றங்கள் தெரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே வகை. அதாவது, மனித நொதி கைவைத்த தடயம். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, 2016 முதலே அந்தக் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்கே தொடர்ந்து பரவிவந்திருக்கிறது என்று காட்டினார்கள். எந்தக் காட்டு விலங்கும் இடையில் தேவைப்படவில்லை.

2022 மே மாதம் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெடித்தது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களின் நெருக்கமான உறவு வலைகளுக்குள் அந்த அலை பெரும்பாலும் ஓடியது. அது ஒரு சமூகத்தின் குற்றம் அல்ல. நெருங்கிய தொடர்புள்ள எந்த வட்டத்தில் கிருமி நுழைந்தாலும் இப்படித்தான் ஓடும். அந்தச் சமூகத்தினரே தகவலைப் பரப்பி, ஊசிக்கு வரிசையில் நின்று, உறவுகளைக் குறைத்துக்கொண்டதுதான் அலை தணிந்ததற்குப் பெரிய காரணம். அதற்கடுத்து 2023 செப்டம்பரில் காங்கோவின் கிழக்கே, கமிடுகா என்ற தங்கச் சுரங்க ஊரில், ‘ஒன்று-பி’ என்ற புதிய கிளை தென்பட்டது. ஆண் பெண் உறவு வழியாகவும் வீட்டுக்குள் குழந்தைகளுக்கும் அது பரவியது. 2024 ஜூலையில் புருண்டி, ருவாண்டா, உகாண்டா, கென்யா என்று, அதுவரை குரங்கம்மையே பார்த்திராத நாடுகளுக்குப் போனது. 2024 ஆகஸ்ட் 14 அன்று உலக சுகாதார நிறுவனம் இரண்டாம் முறையாக அவசரநிலை அறிவித்தது. அது 2025 செப்டம்பரில் விலக்கப்பட்டாலும் நோய் நின்றுவிடவில்லை.

இந்தியாவில் முதல் நோயாளி 2022 ஜூலையில் கேரளத்தின் கொல்லத்தில் கண்டறியப்பட்டார். ‘ஒன்று-பி’ கிளையின் முதல் நோயாளியும் கேரளத்தில்தான், 2024 செப்டம்பரில், மலப்புறத்தில். இருவருமே ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து திரும்பியவர்கள். வளைகுடா நாடுகளில் உறவினர் இல்லாத தெரு தமிழ்நாட்டில் குறைவு என்பதால் இது நமக்கும் பக்கத்து விஷயம்.

நம் ஊரில் உடம்பில் கொப்புளம் வந்தாலே ‘அம்மை போட்டிருக்கு’ என்று சின்னம்மைக் கணக்கில் சேர்த்துவிடுவோம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சின்னம்மையில் கொப்புளம் மேலோட்டமானது. ஒரே இடத்தில் புதிதும் பழையதும் காய்ந்ததும் கலந்து கிடக்கும். குரங்கம்மைக் கொப்புளம் ஆழமாக, தொட்டால் கெட்டியாக, நடுவில் சிறு குழியோடு இருக்கும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். நெறி கட்டுவது இதில்தான் அதிகம். ஆனாலும் 2022க்குப் பிறகு, காய்ச்சலே இல்லாமல் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ ஒன்றிரண்டு புண்களோடு நின்றுபோன நோயாளிகளும் ஏராளம். கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. கொப்புளத்தைத் துடைத்தெடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் வராமல் பார்த்துக்கொள்ளும் நம் வழக்கத்தில் நல்ல தனிமைப்படுத்தல் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அரிக்கிறது என்று வேப்பிலைக் கொத்தால் கொப்புளங்களை வருடுவதை மட்டும் விட்டுவிட வேண்டும்; உடைந்தால் கிருமி வெளியே வரும், புண்ணும் சீழ்பிடிக்கும். நோயாளிக்குத் தனி அறை, தனித் துண்டு, தனித் தட்டு. மற்றவர் அருகில் வரும்போது இருவருக்கும் முகக்கவசம், கொப்புளங்களின் மேல் துணி. படுக்கை விரிப்பை உதறக் கூடாது. அப்படியே சுருட்டி எடுத்துச் சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டு அலச வேண்டும், முடிந்தால் நோயாளியே. தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் பக்குத்தூள் பறக்கும். ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி. கொப்புளம் உள்ள இடத்தில் சவரம் வேண்டாம். கொப்புளத்தைத் தொட்ட கை கண்ணுக்குப் போனால் பார்வையே பறிபோகலாம் என்பதால் கை கழுவுவதில் சமரசம் கூடாது. வாய்ப்புண்ணுக்கு உப்புநீர் கொப்பளிப்பது இதம் தரும்.

இது எத்தனை நாளைக்கு? நாள் எண்ணிப் பயனில்லை. கடைசிப் பக்கும் உதிர்ந்து, அடியில் புதுத் தோல் முழுதாக மூடும் வரை. விந்தில் கிருமி சில காலம் தங்கக்கூடும் என்பதால், குணமான பின்னும் 12 வாரம் ஆணுறை பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்று பயன்படும் முக்கியத் தடுப்பூசியான எம்விஏ-பிஎன், பழைய பெரியம்மை ஊசியின் வழியில் வந்தது. வாக்சினியா கிருமியைக் கோழிக்கரு உயிரணுக்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்ததில், மனித உயிரணுவில் பெருகும் திறனை அது இழந்துவிட்டது. அதனால் எச்ஐவி உள்ளவர்களுக்கும் போடலாம். நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. நோயாளியோடு நெருங்கிப் பழகியவருக்கு நான்கு நாட்களுக்குள் போட்டால் நோயைத் தடுக்கவே வாய்ப்புண்டு. எல்லோருக்கும் தேவையில்லை, அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்குத்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

மருந்து விஷயத்தில் நம்பிக்கை பொய்த்தது. பெரியம்மைக்கென்று உருவாக்கிய டெகோவிரிமாட் மாத்திரையைக் காங்கோவில் சோதித்தபோது, கொப்புளங்கள் ஆறுவதில் வெற்று மாத்திரையை விட அது மேலாக இல்லை என்று 2024 ஆகஸ்டில் தெரிந்தது. ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. காங்கோவில் குரங்கம்மைக்கு நூற்றுக்கு 3.6 பேரோ அதற்கு மேலோ இறந்துகொண்டிருந்தபோது, சோதனையில் சேர்ந்தவர்களில் இறந்தவர்கள் 1.7 விழுக்காடு மட்டுமே. மருந்து சாப்பிட்டவர்களா வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களா என்ற பேதம் இல்லை. மருத்துவமனையில் சேர்த்து, சத்துணவும் நீர்ச்சத்தும் கொடுத்து, புண்ணில் சேர்ந்த வேறு தொற்றுகளுக்கு மருந்து கொடுத்ததே அவர்களைக் காப்பாற்றியது. குழந்தைகள், கர்ப்பிணிகள், கட்டுப்படுத்தப்படாத எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான் இந்த நோய் உயிருக்கு ஆபத்தாகிறது என்பதால், அவர்கள் வீட்டிலேயே கிடந்து நாளைக் கடத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் 104 எண்ணில் கேட்டுக்கொண்டு, கொப்புளங்களை மூடி, முகக்கவசத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். போகும்போது கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனீர்கள், யாரோடு நெருக்கமாக இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களில் யாருக்கு இன்னும் ஊசி போட நேரமிருக்கிறது என்று அதை வைத்துத்தான் அவரால் கண்டுபிடிக்க முடியும்.