சைக்ளோட்ரான்: சுழல்முடுக்கி

புற்றுக்கட்டியைப் புரோட்டான்களால் தாக்கி அழிக்கும் புரோட்டான் சிகிச்சையில் மலிவானது புரோட்டான்தான். ஹைட்ரஜன் அணுவின் ஒரே எலக்ட்ரானை உரித்துவிட்டால் மிஞ்சுவது அது. அதை ஒளிவேகத்தில் 60 விழுக்காட்டுக்கு விரட்டும் கருவிதான் பணத்தை விழுங்குகிறது. பெரும்பாலான மையங்களில் அந்தக் கருவி சைக்ளோட்ரான்.

கிரேக்க 'குக்லோஸ்' என்றால் வட்டம். 'ட்ரான்' என்பது வெற்றிடக் குழல்களின் பெயர்களில் அப்போது ஒட்டிக்கொண்டிருந்த வால். கருவியை உருவாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்சின் குழுவினர் முதலில் வைத்த பெயர் வேறு. 'சைக்ளோட்ரான்' என்பது அவர்களது பெர்க்லி ஆய்வகத்தின் பேச்சுவழக்கு. 1935இல் கட்டுரையில் ஏறி நிலைத்துவிட்டது.

தமிழில் சுழல்முடுக்கி. 'பணிகளை முடுக்கிவிட்டனர்' என்று நாளிதழ்கள் எழுதும் அதே முடுக்குதான். ஆனால் பெயரிலுள்ள சுழல் கருவியின் சுழற்சி அன்று, புரோட்டானின் சுற்றுதான். நோயாளியைச் சுற்றி வரும் பெரிய சட்டகம் வேறு. அதைச் சுழல்சட்டகம் எனலாம்.

அடிப்படை வடிவில், உள்ளே 'D' போன்ற இரண்டு உள்ளீடற்ற மின்முனைகள். காந்தப்புலம் புரோட்டானை வளைத்துச் சுற்றவைக்கும். மின்முனைகளின் இடைவெளியை அது கடக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் திசைமாறிப் புரோட்டானைத் தள்ளும். பாதை சுருளாக விரியும். ஆற்றல் 23 கோடி எலக்ட்ரான் வோல்ட்டை (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) எட்டும்போது புரோட்டானின் நிறை ஏறக்குறைய கால்பங்கு கூடிவிடுகிறது. சுற்றுக்கு நேரம் அதிகமாகி, தாளம் தப்பும். விளிம்பை நோக்கிக் காந்தப்புலத்தைக் கூட்டினால் சரியாகும். அல்லது மின்னழுத்தம் திசைமாறும் அதிர்வெண்ணைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பின்னதில் புரோட்டான் கற்றை தொடர்ச்சியாக வராது, துடிப்பு துடிப்பாக வரும்.

இந்த ஆற்றலில் புரோட்டான் நீரில் சுமார் 33 செ.மீ. ஆழம் போகும். அதை வளைக்க, காந்தப்புலத்தையும் (அலகு டெஸ்லா) பாதையின் ஆரத்தையும் பெருக்கினால் 2.3 டெஸ்லா மீட்டர் வரவேண்டும். விலையின் சூட்சுமம் இங்கேதான். சாதாரண இரும்புக் காந்தத்தின் 2 டெஸ்லாவுக்கு ஆரம் ஒரு மீட்டரைத் தாண்டும். கருவி 220 டன். மின்தடையே இல்லாத மீகடத்திச் சுருளில் 9 டெஸ்லா கிடைத்தால் 26 செ.மீ. போதும். அப்படிச் சிறுத்த ஒன்றைச் சுழல்சட்டகத்திலேயே ஏற்றி, ஒரே அறையில் சிகிச்சையை முடிக்கும் முறை 2013இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் தொடங்கியது.

சைக்ளோட்ரானுக்கு ஒரு குறை உண்டு. வெளிவரும் புரோட்டானின் ஆற்றல் மாறாது. 4 செ.மீ. ஆழத்துக்கு 7 கோடி எலக்ட்ரான் வோல்ட் போதும். அதற்காகக் கிராஃபைட் ஆப்பில் மோதவிட்டு வேகத்தைக் குறைத்தால், கற்றை சிதறி நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நியூட்ரான்களும் கிளம்பும்; அதனால்தான் அவ்வளவு தடித்த கான்கிரீட் சுவர்கள். நோயாளிக்கு அருகிலேயே வேகம் குறைக்கும் சிறிய கருவிகளில் கற்றையின் விளிம்பும் மங்கும்.

ஆற்றலை வேண்டியபடி மாற்றித்தரும் சிங்க்ரோட்ரான் என்ற வேறுவகை முடுக்கியில் பாதை சுருளன்று, ஒரே வளையம். அதையும் சுழல்முடுக்கி என்று எழுதுவது பிழை.